அறிந்து மகிழ்வோம்: இருளில் ஓடும் வண்டி

கோடை விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, கொப்போலிக்கு அருகிலுள்ள இமேஜிக்கா பூங்காவுக்குச் சென்று வந்ததை அன்பர்கள் அறிவார்கள். விடியற்காலையில் கசார்வாடியிலிருந்து புறப்பட்ட பேருந்து லோணாவளாவைக் கடந்து மலைச்சரிவில் இறங்கியபோது, புளிச்சோற்றின் மணமும் குழந்தைகளின் கூச்சலும் வண்டியை நிறைத்திருந்தன. அந்தப் பூங்காவில் 2013-ஆம் ஆண்டு முதல் 'டீப் ஸ்பேஸ்' என்ற ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. மற்றவை வெட்டவெளியில் வானத்தை நோக்கி ஏறி இறங்கும். இதுவோ ஒரு மூடிய கட்டடத்தின் உள்ளே, விண்வெளிப் பயணம் போன்ற தோற்றத்துடன், இருளில் ஓடுவது.

அதன் வாயிலில் நம் அன்பர் ஒருவர் தம் மகளின் கையைப் பிடித்தபடி தயங்கி நின்றார். பெண்ணுக்குப் பதினோரு வயதிருக்கும்.

"ஐயா, வெளியில் ஓடும் வண்டியையாவது கண்ணால் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம். இதன் உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. எதை நம்பி இவளை அனுப்புவது?" என்று கேட்டார்.

"தாத்தா, நீங்கள் பிட்டர் வேலை பார்த்தவர்தானே? நீங்கள் சொன்னால் அப்பா விடுவார்," என்றாள் சிறுமி.

தந்தையின் கேள்வி நியாயமானது. மகளின் நம்பிக்கையோ என்னைச் சற்றே நடுங்க வைத்தது. அன்று நான் அவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை, மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி, இத்திங்கள் விரிவாக எழுதுகிறேன். மூடிய கட்டடத்துக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் ஒன்று நன்கு அமைக்கப்பட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் சிறிது வரலாறு. பனிக்கட்டி மூடிய மரச்சரிவுகளில் சறுக்கி விளையாடிய ரஷ்ய மக்களே இவ்விளையாட்டுக்கு முன்னோடிகள். 1884-இல் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க் நகரத்துக் கோனி ஐலண்டில் ஒரு தண்டவாளச் சறுக்குப் பாதையை அமைத்தார். அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். நம் தெருவில் பையன்கள் விடும் சைக்கிள் அதைவிட விரைந்து செல்லும். ஆயினும் கூட்டம் அலைமோதியது. அவரே சில ஆண்டுகளில் இன்னொன்றையும் கண்டுகொண்டார். வண்டியை இருண்ட சுரங்கத்துக்குள் ஓடவிட்டு, திடீரென்று விளக்கேற்றி வண்ணச் சித்திரங்களைக் காட்டினால், குறைந்த வேகத்திலேயே மக்கள் மெய்சிலிர்க்கிறார்கள்! இருளில் ஓடும் இன்றைய வண்டிகளுக்கு வித்து அதுவே.

அவ்வித்து பெருமரமானது 1975 ஜனவரியில். அமெரிக்காவின் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தார் 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற பெயரில் ஒரு கூம்புக் கட்டடம் எழுப்பி, அதனுள் விண்மீன்களுக்கு நடுவே வண்டிகளை ஓடவிட்டனர். ஏறி இறங்குவோர் மிகப் பெரிய வேகத்தில் போய்வந்ததாகவே எண்ணுவார்கள். உண்மையில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டரே. நம் பேருந்து பிம்ப்ரி சாலையில் அதைவிட வேகமாகப் போகிறது. நாமோ சன்னலோரம் உறங்கிக்கொண்டு வருகிறோம்.

ஏன் இந்த மயக்கம்? வெளிச்சத்தில் கண் முன்னே ஒரு வளைவு வருவதைப் பார்க்கிறோம். உடல் தன்னையறியாமல் அதற்கு ஆயத்தமாகிறது. கை பிடியை இறுக்குகிறது, கழுத்து விறைக்கிறது. இருளில் அந்த அறிவிப்பு இல்லை. அடுத்து இறக்கமா, இடப்புறமா, வலப்புறமா என்று தெரியாது. அறியாமையே அங்கே பாதி வேகமாகிவிடுகிறது.

கட்டடத்துக்குள் வண்டி ஓட்டுபவனுக்கு இது பெரிய உதவி. ஏனெனில் அவனுக்குக் கூரை என்ற எல்லை உண்டு. உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 10 மீட்டர் இறங்கும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகம் பெறும். 20 மீட்டர் இறங்கினால் 100 ஆகும் என்று எண்ணுவோம். ஆகாது, 71 தான் வரும். 100-ஐ எட்ட 40 மீட்டர் உயரம் வேண்டும். வேகத்தை இருமடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. ஆதலால் கூரைக்குள் உயரத்தை நம்பிப் பயனில்லை என்பதை நல்ல அமைப்பாளன் உணர்ந்திருப்பான். அவன் நம்புவது இருளையும், வளைவுகளின் வரிசையையும்தான்.

ஆனால் இருளுக்கு ஒரு விலை உண்டு. கழுத்து ஆயத்தமாக இல்லாதபோது வண்டி சட்டென்று திரும்பினால் தலை ஒரு பக்கம் அடித்துக்கொள்ளும். ஆகவே வெளியே ஓடும் வண்டிக்குப் போதுமான வளைவு, உள்ளே ஓடும் வண்டிக்குப் போதாது. இங்கே வளைவின் வடிவத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

1895-இல் அதே கோனி ஐலண்டில் வண்டியைத் தலைகீழாகச் சுழற்றும் வளையம் ஒன்றைக் கட்டினார்கள். அது முழு வட்டமாக இருந்தது. ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். காரணம் எளிது. முழு வட்டத்தின் உச்சியில் வண்டி விழாமல் தப்புவதற்கு வேண்டிய வேகம் இருந்தால், அடிப்பகுதியில் நுழையும்போது மனிதன் தன் எடையைப்போல் ஆறு மடங்கு கனத்தைச் சுமக்க நேரும். 60 கிலோ எடையுள்ளவர் அந்தக் கணத்தில் 360 கிலோவாகிறார்! அதுவும் படிப்படியாக வருவதில்லை. நேர்ப்பாதை முடிந்து வட்டம் தொடங்கும் இடத்தில் ஒரே அடியாக வந்து விழுகிறது.

இதற்குத் தீர்வு கண்டவர் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல். வண்டி கட்டுவதில் வல்லவரான அன்டன் ஸ்வார்ட்ஸ்காப்புடன் சேர்ந்து, 1976-இல் கலிபோர்னியாவில் அவர் அமைத்த வளையம் வட்டமாக இல்லை. தலைகீழாகத் தொங்கும் நீர்த்துளி போன்று இருந்தது. வேகம் மிகுந்த அடிப்பகுதியில் வளைவு அகலம். வேகம் குறைந்த உச்சியில் குறுகல். கனம் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. இது முற்றும் புதிய தத்துவம் என்று சொல்ல இயலாது. ரயில் பாதை போடுபவர்கள் நேர்க்கோட்டிலிருந்து வளைவுக்குப் போகும்போது இப்படித்தான் சிறிது சிறிதாக வளைக்கிறார்கள். அன்று நாம் இறங்கிய மலைச்சாலையிலும் ஓட்டுநர் ஸ்டீரிங்கை ஒரே திருப்பாகத் திருப்பவில்லையே! ஸ்டெங்கல் மேலும் ஒரு நுட்பம் செய்தார். பாதை சாயும்போது தண்டவாளத்தை அச்சாகக் கொள்ளாமல், அமர்ந்திருப்பவரின் மார்பை அச்சாகக் கொண்டு சாய்த்தார். அதனால் தலை வீசியெறியப்படுவதில்லை. இருட்டுக்குள் ஓடும் வண்டிக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

அடுத்தது இருக்கை. 1996-இல் அமெரிக்காவில் 'ஃப்ளைட் ஆஃப் ஃபியர்' என்ற உள்ளரங்க வண்டிகள் இரண்டு பூங்காக்களில் தோன்றின. சங்கிலியால் மேலே இழுக்கப்படாமல், மின்காந்த விசையால் 4 வினாடியில் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளப்படும் வண்டி அது. அவ்வகையில் முதன்மையானது. பாதுகாப்புக்காகத் தோளுக்கு மேல் கனத்த பிடிகள் வைத்திருந்தார்கள். என்ன நேர்ந்தது? நெருக்கமான வளைவுகளில் காதும் கன்னமும் அந்தப் பிடிகளிலேயே மோதின. 2001-இல் அவற்றை நீக்கிவிட்டு, மடிமேல் அழுந்தும் பிடிகளை மட்டும் வைத்தார்கள். குறை கூறியவர்கள் மகிழ்ந்தார்கள். காப்பது என்று எண்ணி வைத்த பொருளே துன்பம் தருவதாக அமையலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

சக்கரம் தடம் புரளாதா என்று பலர் கேட்கிறார்கள். தண்டவாளத்தின் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று வகைச் சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஓடுகின்றன. அடிச்சக்கரத்துக்கு 1919-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். கையை உயர்த்தினால் இருளில் எங்கேனும் இடிக்குமோ என்ற அச்சமும் இயல்பே. உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் தூரம் எவ்வளவோ அவ்வளவு அகலமும் உயரமும் கொண்ட ஒரு சட்டத்தை வண்டியில் பொருத்தி, பாதை முழுவதும் இழுத்துச் சென்று பார்ப்பார்கள். அது எங்கும் தொடவில்லை என்றால்தான் பாதை தேறியதாகும். நம் தலையை உரசுவதுபோல் தோன்றும் உத்தரங்கள் எல்லாம் எட்டாத தொலைவில் இருக்க வேண்டியவையே.

இனி, ஒரே பாதையில் பல வண்டிகள் ஓடுவதைப் பற்றிக் காண்போம். இதற்குக் கசார்வாடியில் வாழும் நமக்குத் தனிப்பாடம் தேவையில்லை. ரயில் நிலையத்தில் லோணாவளா வண்டிக்காகக் காத்திருக்கும்போது சிவப்பு விளக்கை நாள்தோறும் பார்க்கிறோம். முன்னே சென்ற வண்டி ஒரு பகுதியை விட்டு நீங்கும் வரையில் பின்னே வரும் வண்டிக்கு அப்பகுதிக்குள் நுழைய உரிமை இல்லை. ரோலர் கோஸ்டர் பாதையும் இவ்வாறே பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வண்டியை முற்றிலும் நிறுத்தவல்ல தடை இருக்கும். வண்டிகளின் எண்ணிக்கை பகுதிகளின் எண்ணிக்கையைவிட ஒன்றேனும் குறைவாக இருத்தல் வேண்டும்.

இன்னோர் ஒப்புமையும் உண்டு. 1863-இல் திறக்கப்பட்ட போர் காட் ரயில் பாதையில், 37 அடி சென்றால் ஓரடி இறங்கும் செங்குத்தான சரிவுகள் உள்ளன. தடை பிடிக்காமல் ஓடிவரும் வண்டியை ஏற்று நிறுத்துவதற்கென்றே மேல்நோக்கி ஏறும் கிளைப்பாதைகளை அங்கே அமைத்திருக்கிறார்கள். வண்டி தன் வேகத்தை ஏற்றத்திலேயே இழந்து நின்றுவிடும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்பிக் கட்டுபவன் அரைப் பொறியாளன். ஒன்று தவறினால் அடுத்தது பிடித்துக்கொள்ளும்படி கட்டுபவனே முழுப் பொறியாளன்.

இத்தனையும் இருந்தும் தவறு நேர்ந்த ஒரு வரலாற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கனடா நாட்டின் எட்மண்டன் நகரத்தில், ஒரு பெரிய கடை வளாகத்தின் உள்ளே, 'மைண்ட்பெண்டர்' என்ற மூன்று வளைய ரோலர் கோஸ்டர் 1985-இல் எழுந்தது. அமைத்தவர் மேலே சொன்ன அதே ஸ்வார்ட்ஸ்காப். வளைவுகளில் குறை காண இயலாத வேலை. 1986 ஜூன் 14 அன்று, கடைசிப் பெட்டியின் சக்கரத் தொகுதியைப் பிணைத்திருந்த போல்ட்டுகள் கழன்று போயிருந்ததால், சக்கரங்கள் பிரிந்தன. பெட்டி தடம் புரண்டு ஒரு கான்கிரீட் தூணில் மோதியது. மூவர் இறந்தனர், ஒருவர் படுகாயமுற்றார். பின்னர் வண்டியின் நீளத்தைக் குறைத்து, பிணைப்புகளையும் பிடிகளையும் பலப்படுத்தி, 1987-இல் மீண்டும் ஓட்டினார்கள். 2023-இல் அது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் இளமைக்காலத்து நிகழ்ச்சி ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. இப்பகுதியில் ஒரு தொழிற்சாலையில் நான் பிட்டராகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. ஓர் இயந்திரத்தின் பெல்ட்டை மறைக்கும் இரும்பு மூடியை மாட்டிக்கொண்டிருந்தேன். நான்கு போல்ட்டுகள். மூன்றை ஸ்பானரால் இறுக்கினேன். நான்காவதைக் கையால் திருகியபோது சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போனேன், திரும்பி வந்தபோது வேறு வேலைக்கு அழைத்தார்கள், மறந்தேன். மறுநாள் காலையில் அதிர்வில் அந்த ஒன்று கழன்றது. தனியே நின்ற மூடி நடுங்கி நடுங்கி மற்ற மூன்றையும் தளர்த்திவிட்டது. இரும்புத் தகடு தெறித்து, அங்கே நின்றிருந்த தோழரின் காதுக்கு ஒரு சாண் அப்பால் பறந்து சுவரில் பதிந்தது.

எங்கள் மேஸ்திரி மராட்டியர். என்னை ஏசவில்லை. ஒரு சிறு டப்பாவில் சிவப்பு வர்ணமும் ஒரு தூரிகையும் கொடுத்தார். "இறுக்கிய பிறகு, போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் ஒரு கோடு போடு. கோடு இல்லாத போல்ட்டு இறுக்காத போல்ட்டு. கோடு உடைந்திருந்தால் அது நகர்ந்துவிட்டது என்று பொருள்," என்றார். ஓய்வு பெறும் நாள் வரையில் அந்தக் கோட்டைப் போடாமல் நான் ஓரிடத்தை விட்டு எழுந்ததில்லை. இன்றும் ஓர் இயந்திரத்தைக் கண்டால் என் கண் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

வெளியில் ஓடும் வண்டியில் தளர்ந்த போல்ட்டு ஒன்றை ஒரு வேளை கீழே நிற்பவர் எவரேனும் காணலாம். இருட்டறைக்குள் அதற்கு வாய்ப்பில்லை. மறைத்து வைப்பதற்கு உரிமை பெற்றவனுக்கு, மறைந்திருப்பதைச் சோதிக்கும் கடமை இருமடங்கு. ஆகவே நல்ல உள்ளரங்க வண்டியின் இலக்கணத்தில் இதையும் சேர்ப்பேன்: சோதிப்பவன் ஒவ்வொரு மூட்டையும் எட்டித் தொடுவதற்கு நடைபாதை இருக்க வேண்டும், விளக்கைப் போட்டால் எல்லா மூலையும் தெரிய வேண்டும். மழையும் வெயிலும் படாததால் உள்ளே தண்டவாளம் ஒரே தன்மையில் இருக்கிறது; வண்டி நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுகிறது. அதனால் சிறு மாறுதலும் உடனே தெரிந்துவிடும், பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால்.

விளக்கைப் பற்றிச் சொன்னேன். அதற்கு இன்னும் பெரிய காரணம் உண்டு. 2024 மே 25 அன்று குஜராத்தில் ராஜ்கோட் நகரத்து விளையாட்டு அரங்கு ஒன்றில் தீப்பற்றிக் குழந்தைகள் உட்பட 27 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே ரோலர் கோஸ்டர் இல்லை. ஆனால் மூடிய கூரையின் கீழ் குழந்தைகள் விளையாடிய இடம் அது. பற்றவைப்பு வேலையின் பொறி தெறித்துப் பற்றியது. தீயணைப்புத் துறையின் சான்றும் அவ்விடத்துக்கு இல்லை. உள்ளே வண்டி எவ்வளவு நன்றாக ஓடினால் என்ன, வெளியேறும் வழி இல்லாவிட்டால்? பாதையின் எந்த இடத்தில் வண்டி நின்றாலும், உடனே விளக்குகள் எரிய வேண்டும். இறங்குவதற்குப் படி இருக்க வேண்டும். அப்படி வெளியே திறக்கும் கதவுக்குச் செல்ல வேண்டும்.

அன்று நான் அந்தத் தந்தையிடம், "கால் மணி நேரம் இங்கேயே நின்று பார்ப்போம்," என்றேன். மூவரும் நின்றோம். குழந்தைகளின் உயரத்தை அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார்களா? குறைவாக இருந்தால், அழுதாலும் கெஞ்சினாலும் திருப்பி அனுப்புகிறார்களா? ஒவ்வொரு பிடியையும் கையால் இழுத்துப் பார்க்கிறார்களா, அல்லது கண்ணோட்டத்துடன் கடந்து போகிறார்களா? வெளியேறும் கதவின் முன் பெட்டிகளும் நாற்காலிகளும் அடுக்கியிருக்கின்றனவா? திரும்பி வருபவர்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்களா, கழுத்தைத் தடவிக்கொண்டு வருகிறார்களா? உள்ளே நுழையாமலே இவ்வளவையும் வாயிலில் நின்றபடி எவரும் காணலாம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தை எண்ணித் தயங்க வேண்டாம்.

அங்கே பணியில் இருந்த இளைஞர் ஒருவர், பிடிகளை ஒரு முறை சரிபார்த்துக் கடைசி வரை போனவர், எதையோ நினைத்துத் திரும்பி வந்து, இரண்டாம் வரிசையை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அந்தக் காட்சிதான் என் மனத்தை மாற்றியது. "போகலாம்," என்றேன். தனியே அனுப்ப மனமில்லாமல் தந்தையும் உடன் ஏறினார்.

வெளியே வந்த சிறுமியின் முகம் மலர்ந்திருந்தது. "ரொம்பப் பயமாக இருந்தது தாத்தா! ஆனால் எங்கேயும் இடிக்கவில்லை," என்றாள்.

நான் இவ்வளவு பக்கம் எழுதியதை அந்தக் குழந்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பயம் இருக்க வேண்டும், இடிக்கக் கூடாது. அந்தப் பயத்தைக் கணக்கிட்டு வடிவமைப்பவர்கள் பெயர் பெறுகிறார்கள். இடிக்காமல் காப்பவர்களோ, காலையில் பூங்கா திறக்கும் முன்பே கையில் விளக்குடன் பாதை நெடுக நடந்து, ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துச் செல்லும் பெயர் தெரியாத தொழிலாளர்கள். நம் வீடுகளிலும் அத்தகைய வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பிம்ப்ரியிலும் போசரியிலும் சின்ச்வட்டிலும் இரவு ஷிப்டு முடித்து வரும் நம் பிள்ளைகள் இறுக்கும் ஒவ்வொரு போல்ட்டும், எங்கேயோ முகம் அறியாத ஒரு குழந்தையைச் சுமக்கிறது. அவர்களுக்கு இம்முதியவன் சொல்ல விரும்புவது ஒன்றே: மணி அடித்தாலும் நான்காவதையும் இறுக்கி, கோட்டைப் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.